மலையடித் தோட்டம்

திருவண்ணாமலையில் புதிதாக வீடு கட்டிக் குடியேறுவோர் பலர், முதல் ஏமாற்றத்தை மாசி மாதத்தில்தான் சந்திக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்ட கன்றுகள் தை வரையில் தளிர்த்து நிற்கும். மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, எஞ்சிய பகுதி வெளிறி மஞ்சளாகும். புல்தரை திட்டுத் திட்டாகக் காயும். தண்ணீர் போதவில்லை என்று கருதி மேலும் தண்ணீர் பாய்ச்சுவர். நோய் என்று கருதி மருந்து தெளிப்பர். மண்ணை ஓரடி தோண்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. தோண்டினால் செங்கல் துண்டும், சிமெண்டுக் கட்டியும், ஓட்டுச் சில்லும் கிடைக்கும். கட்டடக் கழிவைப் பள்ளத்தில் கொட்டி, அதன்மேல் ஒரு சாண் செம்மண்ணைப் பரப்பி, அழகிய செடிகளை வரிசையாக நட்டு ஒப்படைத்திருப்பார்கள்.

சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு, மண்ணின் காரத்தன்மையை உயர்த்துகிறது. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து நிறைந்திருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. தளிர் மஞ்சளாவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். வீட்டின் கடைக்காலுக்குக் கம்பியும் சிமெண்டும் எந்த நிறுவனத்தினுடையவை என்று பத்து முறை விசாரித்தவர், தோட்டத்துக்கு வந்த மண் எங்கே வெட்டப்பட்டது என்று ஒரு முறையேனும் கேட்டிருக்கமாட்டார். லாரியில் வந்து இறங்கியது சிவப்பாக இருந்தது. அதனால் அது செம்மண் ஆயிற்று.

ஐந்திணை வகுத்த தொல்காப்பியர், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மரத்தையும் விலங்கையும் பறவையையும் தொழிலையும் கருப்பொருளில் வைத்தார். அகப்பாடலுக்கு இலக்கணமாக அமைந்த பகுப்பு அது. எனினும் தோட்டம் அமைக்க விரும்புவோருக்கு அதைவிடப் பொருத்தமான வரிசைமுறை கிடைப்பது அரிது. நிலத்தையும் பருவத்தையும் அறிந்த பின்னரே மரத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இன்று இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. எங்கோ படத்தில் கண்ட செடி முதலில் வருகிறது. அதற்கேற்ப நிலத்தை வளைக்கும் முயற்சி பின்னால் வருகிறது.

திருவண்ணாமலையின் நிலம் எளிதில் வளைந்துகொடுப்பதன்று. நகரின் மேற்கே 800 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது மலை. அதன் சரிவிலும் அடிவாரத்திலும் பாறை மேலாகவே கிடக்கிறது. பாறைமேல் படிந்த செம்மண் பல இடங்களில் ஒரு முழ ஆழம்கூட இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி ஆடி முதல் கார்த்திகை வரையிலான மாதங்களில் பெய்துவிடுகிறது. தை முதல் ஆனி வரை செடிகள் மண்ணில் தங்கிய ஈரத்தைக்கொண்டே உயிர் வாழவேண்டும். ஆகவே, இங்கே ஒரு பொருள் நல்லதா என்பதை அளக்க ஒரே கேள்வி போதும்: அது மழைநீரை மண்ணில் தங்கவைக்குமா?

இக்கேள்விக்கு விடையாக மலையின் மேலேயே ஒரு தோட்டம் உண்டு. 1916ஆம் ஆண்டில் இரமண மகரிஷி விருபாட்சிக் குகையிலிருந்து சற்று மேலே உள்ள ஓர் இடத்துக்குக் குடிபெயர்ந்தார். அவ்விடத்தைக் குடியிருப்பாக்கியவர் கந்தசாமி என்னும் அன்பர். அவர் பெயராலேயே அது கந்தாசிரமம் எனப்படுகிறது. சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்த செங்குத்தான சரிவை அவர் தம் உழைப்பால் திருத்தினார், கல்லடுக்கி மேடைகளாகச் சமன்செய்தார், தென்னங்கன்றுகளை நட்டார். மலையில் சுரந்த ஊற்று அருகில் இருந்தது. அக்காலத்துப் புகைப்படங்களில் சுற்றிலும் தெரிவது பெரும்பாலும் மொட்டைப் பாறையே. அந்தப் பாறைவெளியின் நடுவே நிழல் உண்டாயிற்று.

அங்கே பயன்பட்டது உள்ளூர்க் கல். அடுக்கிய முறையும் உள்ளூர் முறை. சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, சுண்ணச்சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கினால் ஓடிவரும் நீர் அங்கே சற்று நின்று, தான் சுமந்துவந்த மண்ணை இறக்கிவைத்துவிட்டு, இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறும். சில ஆண்டுகளில் கல்வரப்பின் மேற்புறம் ஓர் அடி மண் சேர்ந்துவிடும். அதே இடத்தில் வழவழப்பான சிமெண்டுச் சுவர் எழுப்பினால் நீருக்கு வழியில்லை. சுவருக்குப் பின்னால் ஊறிய மண்ணின் பாரம் மழைக்கு மழை கூடும். ஒருநாள் சுவர் சாயும். சிமெண்டுச் சுவர்தான் வேண்டும் என்போர், அதன் அடியில் நீர் கசியத் துளைகளும், பின்புறம் ஜல்லி நிரப்பிய ஒரு பட்டையும் கட்டாயம் விடவேண்டும்.

மலையடியில் நீருக்கு வழிவிடுதல் அழகு சார்ந்த செய்தி மட்டுமன்று. 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு அடிவாரத்து வீடுகளின்மேல் விழுந்தன. குழந்தைகள் உள்ளிட்ட ஏழு பேர் மாண்டனர். அவ்வளவு பெரிய மழையை எந்தத் தோட்டச் சுவரும் தடுத்திருக்க முடியாது. ஆயினும் சரிவை வெட்டி மனையாக்குவதும், ஓடைத்தடத்தை மூடித் தளம் பாவுவதும் எத்தகைய செயல்கள் என்பதை அந்நாளுக்குப் பின் எவரும் விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இல்லை.

கல்லுக்கு அடுத்தது உரம். மாட்டுச்சாணம் எந்நிலையிலும் நல்லது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பச்சைச் சாணத்தைக் குழியில் இட்டால் அது மட்கும்போது சூடு பிறந்து இளவேர் கருகும். வேரைத் தின்னும் வெள்ளைப்புழுவும் அதனோடு வந்து சேரும். மட்கிய எருவைக் கையில் எடுத்தால் சாண நாற்றம் இராது; மழை பெய்த மண்ணின் மணம் வரும்; பிடித்தால் உருண்டையாகும், விட்டால் உதிரும். தென்னைநார்க் கழிவின் நிலையும் இதுவே. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் அரிய பொருள் அது. ஆனால் மட்காத நார்க்கழிவில் கரிமம் 112 பங்கு இருந்தால் தழைச்சத்து 1 பங்கே இருக்கும். அதை அப்படியே இட்டால், அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மெலியும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அவ்வாறு மட்கியபின் அந்த விகிதம் ஏறத்தாழ 24 பங்குக்கு 1 என்று குறைகிறது. பொருள் ஒன்றுதான், காத்திருந்தவருக்கு உரமாகவும் அவசரப்பட்டவருக்குக் கேடாகவும் அமைகிறது.

இன்றைய தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது வெள்ளைக் கூழாங்கல். களை முளைக்காமல் இருக்க நெகிழித் தாளை விரித்து, அதன்மேல் இக்கற்களைக் கொட்டுகிறார்கள். முதல் ஆண்டில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும். தாளின் அடியில் இருக்கும் மண்ணுக்குக் காற்றும் மழையும் எட்டுவதில்லை. பகல் முழுதும் சூடேறிய கல், இரவிலும் அச்சூட்டை உமிழ்ந்துகொண்டிருக்கும். மண்புழு அங்கிருந்து அகன்றுவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கற்களின் இடையே புழுதி சேர்ந்து, அந்தப் புழுதியிலேயே களை முளைக்கும். தாளும் கிழிந்து இழை இழையாக மண்ணில் கலக்கும். அதனைப் பொறுக்கி எடுத்துத் தீராது.

இந்தக் கல்லும் தாளும் செய்யவேண்டிய வேலையை விலையில்லாமல் செய்வது சருகு. நாள்தோறும் பெருக்கிக் குவித்துத் தீயிடப்படும் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் நான்கு விரற்கடை உயரத்துக்குச் செடியைச் சுற்றிப் பரப்பினால் அது மூடாக்கு. தண்டை ஒட்டி இடாமல் ஒரு சாண் விலக்கி இடவேண்டும். இல்லையெனில் தண்டு அழுகும். வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் பறக்காது, சருகு மட்கி மண்ணாகும். வாசலில் சருகு கிடந்தால் வீடு துப்புரவற்றது என்னும் எண்ணம் மட்டும்தான் தடையாக இருக்கிறது.

கன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் கண் ஏமாற்றும். உயர்ந்து ஒல்லியாக நிற்கும் கன்றைவிடத் தண்டு தடித்துக் குட்டையாக இருப்பதே நல்லது. பையின் அடிப்பகுதியைப் பார்க்கவேண்டும். வேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், மண்ணில் இறங்கிய பின்னும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மரம் பத்தாண்டு நன்றாகத் தோன்றி, ஒரு காற்றில் அடியோடு சாயும்.

விரைந்து வளரும் மரமே நல்ல மரம் என்னும் எண்ணத்துக்குத் திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மறுமொழி உண்டு. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில், அரித்துப்போன செம்பாறை மேட்டில் உருவானது. மண் கரை கட்டி மழைநீரைத் தேக்கிய முன்னோடிகள், முதலில் நிழல் வேண்டி ஆஸ்திரேலியாவின் வேல இன மரங்களைப் பெருமளவில் நட்டனர். அவை விரைந்து வளர்ந்தன, நிழல் தந்தன, அந்த நிழலில் கீழைக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் மெல்ல வேர்கொண்டன. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கரையைக் கடந்தபோது வேல மரங்கள் திரளாக வீழ்ந்தன. உள்நாட்டு மரங்கள் அவற்றினும் நன்றாகத் தாங்கி நின்றன. அயல்மரத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் நிழலைத் தந்தது அதுதான். ஆனால் அதனிடம் நிலைபேற்றை எதிர்பார்க்கலாகாது.

அண்ணாமலையார் கோயிலின் தலமரம் மகிழம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 மலர்களுள் வகுளம் என்று இடம்பெறுவது இதன் மலரே. மெல்ல வளர்வது; ஆண்டு முழுதும் பசுமை குன்றாதது; உதிர்ந்து உலர்ந்த பின்னும் மலரில் மணம் தங்குவது. கோயில்களுக்கு நந்தவனம் அமைக்க நிலம் விட்டதைக் கூறும் கல்வெட்டுகள் தமிழகத்தில் பல. அவற்றுள் சில, பூச்செடிகளைப் பேணுவோர் உண்டு வாழ்வதற்கும் தனியே நிலம் ஒதுக்குகின்றன. தோட்டத்துக்கு வேண்டிய பொருள்களில் தோட்டக்காரரின் சோறும் ஒன்று என்பதை அவர்கள் மறக்கவில்லை. இன்றைய மதிப்பீட்டுப் பட்டியல்களில் அதற்கு இடமே இருப்பதில்லை.

மொட்டையாக நின்ற மலையும் இப்போது ஒரு பெருந்தோட்டத்தைப் போலவே பேணப்படுகிறது. 1988இல் அண்ணாமலைக் காடு வளர்ப்புச் சங்கம் தோன்றியது. பின்னர் தி ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை உள்ளிட்டோர் அப்பணியைத் தொடர்ந்தனர். இம்மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் திரட்டி, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் கன்றுகளைச் சுமந்துகொண்டு மலையேறி நடுகிறார்கள். மலைமேல் தண்ணீர்க் குழாய் இல்லை. குழியும், அதில் இட்ட எருவும், பருவமும் பொருந்தினால்தான் கன்று கோடையைத் தாண்டும்.

தாண்டினாலும் தீ இருக்கிறது. சரிவெங்கும் ஆளுயரம் வளரும் புல், மழை நின்றதும் வைக்கோலாகிவிடும். ஒரு தீப்பொறி போதும். பல ஆண்டு நட்ட கன்றுகள் ஒரே மாலையில் கருகிவிடும். கார்த்திகைத் தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்து, மழையும் ஓய்ந்தபின், மலையில் அடுத்த வேலை தொடங்குகிறது. காவலர்களும் தொண்டர்களும் அரிவாளோடு ஏறி, புல்லை அகலமான பட்டைகளாக அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் இடுகிறார்கள். அடுத்த மழையில் புல் மீண்டும் வளர்ந்துவிடும். தை பிறந்ததும் மறுபடியும் அறுக்கவேண்டும்.