முக்கோணத்துக்குள்ளே

உயர்தரப் பௌதிகவியலில் செயற்பாட்டு விரியலாக்கி எங்களுக்கு ஒரு முக்கோணம் மட்டுமே. இரண்டு பெய்ப்பு, ஒரு பயப்பு, மிகப் பெரிய நயம் என்று நினைவில் வைத்தால் கணக்கு வந்துவிடும். அந்த முக்கோணத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பல வருடம் கழித்து, மட்டக்களப்புப் புளியந்தீவில் வேலை முடிந்த இரவுகளில்தான் படிக்கத் தொடங்கினேன்.

அதை விளங்கிக்கொள்ள ஒற்றை மொஸ் திரான்சிற்றர் போதும். அதில் 100 மைக்ரோ அம்பியர் ஓடுகிறது. வாயிலில் ஒரு மில்லிவோல்ற்று அசைந்தால் ஓட்டம் ஒரு மைக்ரோ அம்பியர் அசைகிறது என்று வையுங்கள். 10 கிலோ ஓம் தடையியைச் சுமையாக வைத்தால் நயம் 10. நயம் 20 வேண்டுமென்று 20 கிலோ ஓம் போட்டால்? தடையியிலேயே 2 வோல்ற்று விழ வேண்டும், வழங்கலோ 1.8 வோல்ற்று. திரான்சிற்றர் வேலை செய்ய இடமில்லை, நயம் படுத்துவிடும். தடையிக்குப் பதிலாக இன்னொரு திரான்சிற்றரை ஏன் சுமையாக வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்குகிறது. அனலொக் சுற்று வடிவமைப்பின் சாரம் முழுவதும் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது என்பேன்.

எங்கள் பாடப்புத்தகத்தில் வரும் 741 செயற்பாட்டு விரியலாக்கியை 1968இல் பெயார்சைல்ட் நிறுவனத்தில் வடிவமைத்தவர் டேவ் ஃபுல்லகர். முந்திய 709க்கு வெளியிலிருந்து பொருத்த வேண்டியிருந்த கொள்ளளவியை அவர் சில்லுக்குள்ளேயே வைத்தார்: 30 பிக்கோபரட். அதனால் இரண்டு இலட்சமளவான நயம் சில ஹேர்ட்ஸிலேயே சரியத் தொடங்குகிறது. வேண்டுமென்றே செய்த மந்தம் அது. அது இல்லாவிட்டால் பின்னூட்டல் கொடுத்ததும் சுற்று தானே அலையத் தொடங்கிவிடும். எத்தனை அழகான முடிவு!

சிறியதைப் பெரிதாக்கும் தேவை எங்கள் வாவியிலும் இருக்கிறது. 1848 செப்டெம்பரில் அப்போதைய இலங்கைக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இங்கே மட்டக்களப்புக் கோட்டைக்கு அருகே வாவியில் படகேறி, நீருக்குள்ளிருந்து வரும் இசையைக் கேட்டார். படகின் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெரிதாகக் கேட்டது என்று எழுதினார். இன்று அதே வாவியில் மைக்கை இறக்கினாலும் கிடைப்பது மிகச் சிறிய மின்னழுத்தம்தான். அதை எண்களாக மாற்றுமுன், இரைச்சல் ஏறாமல் பெரிதாக்க ஓர் அனலொக் சுற்று வேண்டும். அங்கே இரைச்சலில் மூழ்கிப் போனதைப் பிறகு கணினி முழுமையாக மீட்டுத் தராது.

இதையெல்லாம் படிக்க இன்று வழி உண்டு. 555 நேரக்கணிப்புச் சில்லை வடிவமைத்த ஹான்ஸ் கமன்சின்ட் அனலொக் சில்லு வடிவமைப்புப் பற்றிய தன் புத்தகத்தை இலவசமாகவே தந்துவிட்டுப் போனார். சென்னை ஐஐடி ஆசிரியர்களின் விரிவுரைகள் என்பிடெல் இணையத்தளத்தில் இருக்கின்றன. சில்லுத் தயாரிப்பு நிறுவனமான ஸ்கைவோட்டரின் 130 நனோமீற்றர் வடிவமைப்புத் தரவுகள் 2020 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. உயர்தரம் முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் தம்பி, தங்கைமாரே, வடிவமைப்பு மென்பொருளைத் திறக்குமுன் அந்த 20 கிலோ ஓம் கணக்கைப் பென்சிலால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.