ஒற்றை சோபாவும் ஒன்பது ஸ்பிரிங்கும்

செவ்வாய்

தாத்தா காலத்து ஒற்றை சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, அடித்துணியைக் கிழித்தோம். உளுத்த நார்த்தூள் கொட்டியது. சணல் நாடாக்கள் தொய்ந்து கிடந்தன. இத்தனை நாளாகத் தொடையில் குத்திக்கொண்டிருந்த ஸ்பிரிங் உடையவே இல்லை. கட்டியிருந்த கயிறு இற்றுப்போனதில் அதன் தலை சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

புதன்

முதலில் கேட்ட குஷன் கடையில், "எல்லாத்தையும் எடுத்துட்டு பலகை அடிச்சு ஃபோம் போட்ரலாம் சார்" என்றார்கள். இரண்டு மூன்று கோடை தாண்டினால் அந்த ஃபோம் குழிவிழுந்துவிடும். கம்பியோ இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். 1822-இல் வியன்னாவில் ஒருவர் மெத்தை இருக்கைக்குள் இரும்புச் சுருள் வைக்க உரிமம் வாங்கினார். உள்ளே இருக்கும் வித்தை பெரிதாக மாறவில்லை. பழைய பஜாரில் சோபா கட்டும் பாய் ஒருவரைப் பிடித்தேன். "கம்பி நல்லாருக்கு தம்பி, கட்டுதான் போச்சு" என்றார்.

வெள்ளி

இன்று முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். புது நாடாவை ஒரு முனையில் அடித்து, பல் வைத்த கட்டையால் சுண்டினால் விண்ணென்று சத்தம் வரும்வரை இழுத்து, மறுமுனையில் அடித்தார். ஆணிகளை முன்னும் பின்னுமாக அடிக்கிறார். ஒரே வரியில் இறக்கினால் மரம் பிளந்துவிடுமாம். உடுக்கை மாதிரி இடை சிறுத்த ஸ்பிரிங்குகளை வரிசைக்கு மூன்றாக நிறுத்தி, வளைந்த ஊசியால் நாடாவோடு தைத்தார்.

பிறகுதான் உண்மையான வேலை. பின்சட்டத்தில் சணல் கயிற்றை ஆணியடித்து, ஸ்பிரிங்கைக் கையால் ஒன்றிரண்டு அங்குலம் அமுக்கி, வளையத்தின் இரு விளிம்பிலும் முடிச்சு, அடுத்ததற்கு. நீளவாக்கு, குறுக்குவாக்கு, பிறகு மூலைக்கு மூலை இரண்டு பக்கமும். ஒவ்வொரு வளையத்தையும் எட்டுத் திசையிலிருந்து கயிறு பிடிக்கிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற முடிச்சுகள் நழுவாது. ஓர ஸ்பிரிங்குகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்தே கட்டினார். நைலான் கயிறு கூடாதா என்றேன். "வழுக்கும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஞாயிறு

மேலே சாக்கு, தென்னை நார், பஞ்சு எல்லாம் ஏறியாயிற்று. அம்மாவுக்கு ரெக்சின்தான் வேண்டும், துடைக்க வசதியாம். சித்திரை வெயிலில் முதுகு ஒட்டுமே என்றால் காதில் வாங்கவில்லை. பாய் இருவருக்கும் பிடிகொடுக்காமல் காடாத் துணியை இழுத்து அடித்தார்: "கொஞ்ச நாள் உக்காந்து பாருங்க. அமுங்கினப்புறம் மேல்துணி போடலாம்."

வலது கைப்பிடி ஆடுகிறது. அதற்குத் தச்சருக்குச் சொல்லியிருக்கிறேன்.