படகு இழுக்க ஒரு வண்டி

கல்முனைக் கரையில் வாழும் எங்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். வண்டி வாங்குவதென்றால் இரண்டையும் எண்ணியே வாங்கவேண்டும். 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், எங்கள் வீட்டிலும் பேச்செழுந்தது. இளையவர்கள் கார் கேட்டனர். காக்கா உழவு இயந்திரம் என்றார்.

குதிரை வலுவை மட்டும் பார்ப்போர் பலர். படகை மணலில் இழுப்பதற்கோ சில்லின் பிடிப்பே முதன்மையானது. முன்சில்லால் ஓடும் காரில், பாரம் பின்னால் அழுத்த, முன்சில்லு இலேசாகிச் சுழன்று மணலிற் புதையும். உழவு இயந்திரத்தை உந்துவது அகன்ற பின்சில்லு. பாரமும் அதன் மேலேயே தங்கும். உப்புநீர் பிரேக்கையும் பெயரிங்கையும் தின்றுவிடும் என்பது வேறு. நன்னீரிற் கழுவச் சோம்புவோர் படகுப் பெட்டியே வாங்காதிருப்பது நலம்.

"உம்மாவுக்கு இரவில் மூச்சிழுத்தால், உழவு இயந்திரத்திலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது?" என்று மதினி கேட்டார். காக்கா வாய் திறக்கவில்லை.

முடிவிற் பழைய உழவு இயந்திரம் ஒன்றும், எஞ்சிய பணத்திற் பழைய முச்சக்கர வண்டி ஒன்றும் வாங்கினோம். வாடை தொடங்குமுன் படகு மேட்டுக்கு வந்துவிட்டது. கார் கேட்டவர்கள் மட்டும் இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.