இல்லாத கல்

காலணிக்குள் சிறு கல்லொன்று கிடந்து உறுத்துவது போலிருக்கும். கழற்றி உதறினால் கல் இராது. அணிந்து நாலு தப்படி நடந்தால் அது அங்கேயே இருக்கும். சில வேளை மூன்றாம், நான்காம் விரல்களின் இடுக்கு நெருப்புப் பொறி பட்டாற்போல் சுரீரென்று எரிந்து, பின்னர் மரத்துப் போகும். ஈராண்டுகளாக நம் வலது பாதத்தில் குடியிருக்கும் இந்நோவுக்கு 'மார்ட்டன் நியூரோமா' என்று பெயர்.

1876-இல் இதனை விரித்தெழுதிய பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் மார்ட்டனின் பெயரே இதற்கு நிலைத்தது. 1845-லேயே லண்டனில் டர்லாக்கர் என்ற பாத வைத்தியர் இதைக் குறித்திருந்தார். பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பெயரின் ஈற்றைக் கேட்டு நம் இல்லத்தார் புற்றோ எனக் கலங்கினர். அன்று. முன்பாத எலும்புகளின் நடுவே விரல்களுக்குச் செல்லும் நரம்பைச் சுற்றி, ஓயாத அழுத்தத்தால் நார்த்திசு தடித்துவிடுகிறது, அவ்வளவே. முனை குறுகிய காலணியும் உயர்ந்த குதியும் இதை வளர்ப்பவை. பெண்களிடம் இது மிகுதி.

நம் வீடுகளில் பாதம் எரிந்தால் முதற்பழி சர்க்கரையின் மீதுதான். சோதித்துக் கொள்வது நன்றே. ஆயினும் சர்க்கரையால் வரும் நரம்பு நோவு பெரும்பாலும் இரு பாதங்களிலும் விரல்களில் தொடங்கி மேலேறும், இரவில் வாட்டும். இதுவோ ஓரிடத்தில் நின்று, நடக்கையில் குத்தும். காலணியைக் கழற்றினால் தணியும்.

அகன்ற காலணியே முதல் மருந்து. அதனுள் வைக்கும் மெத்தைத் துண்டை நோகும் இடத்தின் நேர் கீழே வைக்கலாகாது. சற்றே குதிகால் பக்கம் தள்ளி வைத்தால்தான் எலும்புகள் விரிந்து நரம்புக்கு இடம் கிடைக்கும். ஸ்டீராய்டு ஊசி சில மாதம் ஆறுதல் தரலாம். அடிக்கடி போட்டால் அடிப்பாதக் கொழுப்பு கரையக்கூடும். நரம்பை அறுத்தெடுப்பது கடைசி வழி. விரலிடுக்கு மரத்துப் போகும். வெட்டுண்ட முனை மீண்டும் நோவெடுப்பதும் உண்டு. நாம் ஊசியோடு நின்றிருக்கிறோம்.

இவை எல்லாவற்றினும் நம்மை வருத்தியது தொழுகையின் இருப்பு. வலது பாதத்தை நட்டு வைத்து, விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்கும்போது அந்த நரம்பு இழுபடுகிறது. அத்தஹிய்யாத்து முடியுமுன் கண்ணில் நீர் கட்டும். அது இறையச்சத்தால் வந்த நீரன்று. ஜமாஅத்தில் காலைச் சாய்த்து அமரவோ கூச்சம்.

நம் பள்ளிவாசல் இமாம் புகாரியில் பதிவான செய்தியொன்றை எடுத்துரைத்தார். இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையில் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். அதைக் கண்டு மகனாரும் அவ்வாறே அமர, அவரைத் தடுத்து, வலது பாதத்தை நட்டு இடதை மடிப்பதே நபிவழி என்றார்கள். 'தாங்கள் மட்டும்?' என்று மகனார் வினவ, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என விடை பகர்ந்தார்கள்.

அன்று முதல் நாம் பாதத்தைக் கிடத்தியே அமர்கிறோம். சுஜூதில் விரல் மடங்குவதற்கு மட்டும் இன்னும் வழி தேடுகிறோம்; விரிப்பின் கீழே துணியொன்றை மடித்து வைத்தால் சற்றே தணிகிறது.