டச்சுக்காரர் என்பவர் யார்? ஆம்ஸ்டர்டாமில் ஒரு தேடல்

நண்பர்கள் நான்கு பேர் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு அவரவர் பங்கை அவரவர் கட்டினால் அதை 'கோ டச்' என்கிறோம். டச்சுக்காரர் என்றால் கை இறுக்கம் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கடல் வணிகத்துக்காக இங்கிலாந்தும் நெதர்லாந்தும் பலமுறை போரிட்டன. டச்சுக்காரரை இளக்காரமாகப் பேசும் ஆங்கில வழக்கு அந்தப் பகையில் வளர்ந்தது. ஆனால் 1673இல் அந்நாட்டைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலத் தூதர் வில்லியம் டெம்பிள், அதே சிக்கனத்தை அவர்களுடைய செல்வத்துக்கு ஒரு காரணம் என்று மெச்சினார். குணம் ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு.

ஓர் இனத்தின் 'குணம்' என்று சொல்லப்படுவதை யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள்? இந்தக் கேள்வியோடு நடந்து பார்க்க ஆம்ஸ்டர்டாம் அருமையான ஊர்.

திரையில்லாத சன்னல்கள்

மாலையில் கால்வாய் ஓரமாக நடந்தால், பல வீடுகளின் சன்னல்களில் திரை இருக்காது. உள்ளே விளக்கு, புத்தக அடுக்கு, சாப்பாட்டு மேசை எல்லாம் தெரியும். 'மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்கிற கால்வினிய நேர்மை' என்று வழிகாட்டிகள் விளக்குவார்கள். இயல்பாக இருந்தால் போதும், அதுவே வேண்டிய அளவு பைத்தியக்காரத்தனம் என்ற பொருளில் அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு.

இந்த 'அடக்கமான டச்சுக்காரர்' சித்திரத்துக்கு அறிவுலக மதிப்புக் கொடுத்தவர்களில் ஒருவர் லெய்டன் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் யொஹான் ஹெய்சிங்கா. பிரபு முதல் தொழிலாளி வரை டச்சுக்காரர் எல்லாருமே நிதானமான நகரக் குடிமக்களின் மனப்பாங்கு கொண்டவர்கள் என்று 1930களின் நடுவில் அவர் எழுதினார். காலத்தைக் கவனியுங்கள். அண்டை நாடான ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். வீர முழக்கங்களுக்கு மயங்காதவர்கள் நாங்கள் என்று தம் மக்களுக்கு நினைவூட்ட வேண்டிய நேரம் அது. பின்னர் நாஜிகள் அவரைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்தனர். லெய்டனுக்குத் திரும்பவும் விடவில்லை. விடுதலைக்குச் சில மாதங்களே இருந்தபோது, 1945 பிப்ரவரியில் அவர் காலமானார்.

தண்ணீர் கற்றுத்தந்த பாடமா?

நாட்டின் ஏறத்தாழ கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரையைக் காக்க எல்லாரும் கூடிப் பேசியாக வேண்டும், அதனால்தான் டச்சுக்காரர் பேசி முடிவெடுப்பவர்கள் என்பது இன்னொரு விளக்கம். 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்துவரும் நீர் வாரியங்களுக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. 1982இல் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் வாசனார் என்ற ஊரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். சம்பள உயர்வை அடக்கி வாசிப்பது, பதிலுக்கு வேலை நேரத்தைக் குறைப்பது. இத்தகைய சமரசத்துக்குப் பின்னாளில் 'போல்டர் முறை' என்று பெயர் வந்தது. போல்டர் என்றால் நீரை இறைத்து மீட்ட நிலம்.

ஆனால் 1612இல் மீட்கப்பட்டு, இன்று உலக மரபுடைமைத் தலமாக இருக்கும் பேம்ஸ்டர் போல்டருக்குப் போய்ப் பாருங்கள். பளிச்சென்ற சதுர வயல்கள், நேர்கோட்டுச் சாலைகள். அதற்குப் பணம் போட்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள். அவர்கள் எதிர்பார்த்தது லாபம்.

பரணில் ஒரு தேவாலயம்

சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், கால்வாய் ஓரத்தில் ஒரு சாதாரண வீடு. குறுகிய படிகளில் ஏறினால், மேல்மாடிகளைக் குடைந்து கட்டிய முழுக் கத்தோலிக்கத் தேவாலயம்! 1663இல் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது கத்தோலிக்கர் பொது இடத்தில் வழிபடத் தடை இருந்தது. அதிகாரிகளுக்கு விஷயம் தெரியும். வெளியே தேவாலயம் போலத் தெரியாதவரை கண்டும் காணாமல் விட்டார்கள். பெருமையாகப் பேசப்படும் டச்சுச் சகிப்புத்தன்மையின் உருவம் இதுதான். அது மனமுவந்த வரவேற்பல்ல; தொல்லை தராதவரை இருந்துவிட்டுப் போ என்ற கணக்கு.

நம் மலாக்காவும் இதைக் கண்டிருக்கிறது. 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அங்கும் கத்தோலிக்கரை ஒடுக்கினார்கள். ஆனால் மலாக்கா செட்டிகளின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், 1781இல் டச்சு நிர்வாகம் வழங்கிய நிலத்தில் எழுந்தது.

பெயர்கள் பதித்த செங்கற்கள்

பரண் தேவாலயத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் 1675இல் திறந்த கம்பீரமான போர்த்துகீசிய யூதத் தொழுகைக்கூடம். அருகிலேயே 2021இல் திறக்கப்பட்ட பெயர் நினைவகம். ஒரு செங்கல்லுக்கு ஒரு பெயராக 1,02,000க்கும் மேற்பட்ட பெயர்கள். நாஜி ஆக்கிரமிப்பில் இந்நாட்டு யூதர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டனர். மேற்கு ஐரோப்பாவில் வேறெங்கும் இந்த விகிதம் இவ்வளவு மோசமில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, மக்கள்தொகைப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்ததும், எழுத்தர்கள் சொன்னபடி படிவங்களை நிரப்பியதும். நற்குணம் என்று மெச்சப்பட்ட ஒழுங்கு இங்கே என்ன செய்தது என்பதை அந்தச் செங்கற்கள் சொல்கின்றன.

இன்று யார் டச்சுக்காரர்?

1960கள் வரை கத்தோலிக்கர், புரொட்டஸ்டன்டுகள், சோஷலிசவாதிகள் என்று ஒவ்வொரு பிரிவினரும் தனித்தனி நாளிதழ், தொழிற்சங்கம், வானொலி என வாழ்ந்தார்கள். அந்தச் சுவர்கள் சரிந்தபோது சூரினாம், துருக்கி, மொரோக்கோ மக்கள் வந்து சேர்ந்தார்கள். சூரினாமியரில் பலர், 1873 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களின் வழித்தோன்றல்கள். தோட்டத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வரலாறு புதிதல்ல.

2007இல், அர்ஜென்டினாவில் பிறந்த இளவரசி மாக்சிமா, டச்சு அடையாளம் என்ற ஒன்றைத் தேடியும் தாம் காணவில்லை என்ற பொருளில் பேசினார். பெரும் சர்ச்சை கிளம்பியது. 2013இல் அவரே நாட்டின் அரசியானார். 2023 ஜூலை 1 அன்று அவருடைய கணவர் மன்னர் வில்லம் அலெக்சாண்டர், அடிமை வணிகத்துக்காக ஆம்ஸ்டர்டாமில் மன்னிப்புக் கேட்டார்.

சிக்கனம், நேர்மை, சகிப்பு. ஒவ்வொரு காலமும் தனக்குத் தேவையானதை எடுத்து 'இதுதான் நாம்' என்று சொல்லிக்கொண்டது. அந்தச் சட்டத்துக்குள் அடங்காதவர்கள்தான் விலை கொடுத்தார்கள். பல இனங்கள் சேர்ந்து வாழும் நம் நாட்டிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு 'குணம்' ஒட்டிப் பேசுகிறோம். அடுத்த முறை அப்படி ஒரு பேச்சு வந்தால், அதை முதலில் சொன்னவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.