முக்குளம்

திருவெண்காட்டு முக்குளநீர் மகப்பேறு நல்கும் என்னும் நம்பிக்கை நம்மவர் உள்ளத்தில் ஆழ ஊன்றியமைக்கு மெய்கண்ட தேவர் திருவவதாரமே பெருங்காரணமாம். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகவின்றி வருந்தித் தம் குலகுரவராகிய சகலாகம பண்டிதரை அடைந்தமையும், அவர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்க்கச் சம்பந்தப்பெருமானது திருவெண்காட்டுப் பாடல் புலப்பட்டமையும், களப்பாளர் மனைவியாரொடு அத்தலத்தில் நீராடி வழிபட்டுச் சுவேதவனப் பெருமாளைப் பெற்றமையும் சைவர் யாவரும் அறிந்தனவே. பின்னர் அக்குழவியைத் தாய்மாமனார் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டுசென்று வளர்த்தனர் என்ப. கைக்குழந்தையொடு அத்துணைத் தொலைவு சென்றார் பட்ட பாட்டை நூல்கள் கூறவில்லை, தாய்மார் அறிவர்.

மயிலாடுதுறையில் ஒரு குடும்பம். ஒன்பதாண்டு மகவின்றியிருந்த மருமகளுக்கு ஓர் ஆண்மகவு குறைமாதத்திற் பிறந்து, நாற்பது நாள் மருத்துவமனைக் கண்ணாடிப் பேழையுட் கிடந்தது. குழவி பிழைத்தால் முக்குளத்தும் முழுக்காட்டுவேன் எனப் பாட்டனார் அக்காலை நேர்ந்துகொண்டார். சென்ற தைத் திங்களின் இறுதியில், குழவிக்கு எட்டாம் மாதம் நடக்கையில், நால்வரும் மோட்டார் வண்டியிற் புறப்பட்டனர். “குளத்துத் தண்ணீரில் மட்டும் முக்க வேண்டாம் மாமா” என மருமகள் முதல்நாளே கூறியிருந்தார். பெரியவர் விடை கூறவில்லை. மகன் இருவர்க்கும் இடையே நின்று ஏதும் பேசானாயினன். அத்தகைய மைந்தர் எவ்வூரினும் உளர்.

மன்னம்பந்தல் கடந்து செம்பொனார்கோயிலை அணுகுமுன்னரே குழவி அழத்தொடங்கிற்று. பாலுக்கும் அடங்கவில்லை, கிலுகிலுப்பைக்கும் அடங்கவில்லை. மேலையூருக்கு அப்பால் வாய்க்காற்கரை மண்பாதையில் வண்டியை நிறுத்திப் புங்கமரக் கிளையிற் பழஞ்சேலையால் தூளி கட்டினர். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாய்க் கிடந்தது. அறுப்பு இயந்திரம் உதிர்த்துப்போன நெல்லைக் கொக்குகளும் மயில்களும் பொறுக்கின. காற்றில் வைக்கோல் மணம். குழவி உறங்கிற்று.

உறங்கிய பின்னரும் தாய் அமரவில்லை. சிறிது பொழுதுக்கு ஒருமுறை சேலையை விலக்கிப் புறங்கையை அதன் மூக்கருகே வைத்து மூச்சு வருகின்றதா என நோக்கினார். கண்ணாடிப் பேழைக்கு வெளியே நாற்பது நாள் நின்றபோது படிந்த பழக்கம் அது. அவர் தாமே அதனை அறியார்போலும். பெரியவர் அதனை மூன்று முறை கண்டார். நான்காம் முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது மேய்ச்சலுக்குச் சென்ற ஆனிரையொன்று அவ்வழியே வந்தது. புழுதி எழுந்து தூளிமேற் படிந்தது. மருமகள் பதறி முன்றானையால் மறைத்தார். அதற்குள் குழவியின் நெற்றியிலும் மயிரிலும் துகள் படிந்துவிட்டது. துடைக்கச் சென்ற கையைப் பெரியவர் தடுத்தார்.

நீராடலென்பது நீரில் மூழ்குதல் ஒன்றே என நினைப்பார் பலர். நூல்கள் அங்ஙனம் கூறா. நீரால் ஆடுவது வாருணம். திருநீற்றால் ஆடுவது ஆக்கினேயம். ஆன்குளம்பு எழுப்பும் துகளில் ஆடுவது வாயவியம். நோயாளரும் முழுகமாட்டாதாரும் ஏனைய முறைகளால் தூய்மை பெறலாம் என விதித்தோர், பிள்ளை பெற்ற வீடுகளையும் அறிந்தவரே யாவர். பெரியவர் இவற்றை இளமையிலே பாடங்கேட்டவர்; எனினும் தமது நேர்த்திக்கடன் என வந்துழி வாருணத்தையே பற்றி நின்றார். கற்றது உரிய பொழுதில் நினைவுக்கு வருதல் அரிதே.

“பையன் குளித்துவிட்டான் அம்மா, இனி அங்கே நான் முழுகினால் போதும்” என்றார். மருமகள் ஒன்றும் பேசாது தூளியை அவிழ்த்தார்.

திருவெண்காட்டில் அக்கினி, சூரிய, சந்திர தீர்த்தங்கள் மூன்றினும் பெரியவர் தனியே முழுகினார். மூன்றாவதில் ஈர ஆடையொடு கரையேறுகையில், மருமகள் குழவியை இடுப்பில் ஏந்தித் தாமே படியிறங்கி வரக் கண்டார். கடைப்படியிற் குனிந்து விரல் நனைத்து அதன் உச்சியிற் சிறிது தடவினார். குழவி முதலிற் கூசிற்று. பின்னர் அவ்விரலைப் பற்றித் தன் வாயிலிட்டுச் சுவைத்தது. “ஐயோ, குளத்துத் தண்ணீர்!” என அவர் வெடுக்கென மீட்டார். பெரியவர் நகைத்தார், மருமகளும் நகைத்துவிட்டார்.