மணிமங்கலத்தில் ஓர் இரவு

சென்னைப் பட்டணத்தில் வசிக்கும் ஒருவனுக்கு மனைவி மக்களோடு மரத்தடியில் ஓர் இரவு தங்கவேண்டுமென்று ஆசை பிறந்தால் அவன் எங்கே போவது? கிண்டிக்குப் போகலாமென்றால், அந்தத் தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதுவும் மான்களுக்காக ஏற்பட்டது, மனிதர் படுப்பதற்காக அல்ல. வண்டலூரிலோ 1985-ஆம் வருஷம் முதல் 602 ஹெக்டேரில் அருமையான வனமும் மிருகங்களும் இருக்கின்றன. ஆனால் மாலையானதும் நம்மையெல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். புலிக்கு அங்கே இரவில் இடமுண்டு, நமக்குத்தான் இல்லை!

அமெரிக்க தேசத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. பெரிய நகரங்களுக்கு வெளியே ஒன்றிரண்டு மணி நேரப் பிரயாணத்தில் மாகாண சர்க்காரின் மரச்சோலைப் பூங்கா ஒன்று இருக்கும். கட்டிலும் அடுப்பும் குளியலறையும் அமைந்த வீட்டு வண்டியைக் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு போய், சொற்பக் கட்டணம் செலுத்தி, மரத்தடியில் நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர்க் குழாய், மின்சாரம், அடுப்பு மூட்ட ஓர் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியின் கழிவுநீரை இறக்குவதற்குத் தனித் தொட்டி, எல்லாம் தயாராயிருக்கும். இந்தப் பூங்காக்கள் பல தோன்றிய விதம் கேட்கத் தக்கது. பெரும் பொருளாதார மந்தத்தில் வாலிபர்கள் வேலையின்றித் திண்டாடியபோது, 1933 முதல் 1942 வரை சுமார் 30 லட்சம் பேரை ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சர்க்கார் காடு வளர்க்கவும் பூங்கா அமைக்கவும் சேர்த்துக்கொண்டது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஏழைப் பிள்ளைகள் நட்ட மரங்களின் நிழலில்தான் இன்று அத்தேசத்தார் உல்லாசமாகப் படுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 'கேரவன்' என்றால், சினிமா நட்சத்திரங்கள் முகத்துக்குச் சாயம் பூசிக்கொள்ளும் வண்டி என்றுதான் சிறு குழந்தையும் சொல்லும். அடுத்த வீட்டுக்காரரான மலையாளிகள் இதில் முந்திக்கொண்டார்கள். கேரள சர்க்கார் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை வகுத்தது. அடுத்த வருஷமே வாகமண் மலையில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால் நமக்கும் இது புதிதல்ல. கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, புளியோதரை மூட்டையோடு திருவிழாவுக்குப் புறப்பட்ட நம் பாட்டனார் வேறு என்ன செய்தார்? அவருக்கு வழியெங்கும் தோப்பும் சத்திரமும் குளமும் இருந்தன. நமக்கு வண்டி இருக்கிறது; தோப்பைத்தான் காணோம்.

ஒரகடத்து மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் இஞ்சினீயராயிருக்கும் என் மைத்துனன், பொங்கல் விடுமுறைக்கு இப்படிப்பட்ட வண்டியொன்றை வாடகைக்குப் பிடித்துவிட்டு, "மாமா, மணிமங்கலத்துக்குப் போகலாம்" என்றான். எனக்குச் சரித்திரத்தில் உள்ள பைத்தியம் அவனுக்குத் தெரியும்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் மணிமங்கலம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டவுடன் மகேந்திர பல்லவர் ஞாபகம் வரும். சாசனம் சொல்வது வேறு. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த பல்லவச் செப்பேடு, மகேந்திரரின் குமாரர் நரசிம்மவர்மர் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் புலிகேசியை முறியடித்தார் என்றும், புறங்காட்டி ஓடிய அவன் முதுகையே பட்டயமாகக் கொண்டு அதில் வெற்றி என்ற சொல்லைப் பொறித்தார் என்றும் கூறுகிறது. எழுதியவன் பலே கைகாரன்! 642-ஆம் வருஷத்தில் வாதாபியே விழுந்தது. பின்னால் சோழர் காலத்தில் இவ்வூர் ராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றது. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் கூடல்சங்கமத்து வெற்றி கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. தர்மேசுவரர் கோயில் விமானமோ, யானை படுத்தாற்போல் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். அதைப் பார்ப்பதற்காக மட்டுமே ஒரு முறை போய்வரலாம்.

சூரியன் இறங்கும் வேளையில் ஏரிக்கரை சேர்ந்தோம். நீர் நிறைந்து கிடந்தது. கொக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மேற்கே அடிவானத்தில் தொழிற்சாலைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. மைத்துனன் கரையோரமாக வண்டியை நிறுத்திக் கட்டிலை விரிக்கலானான். அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்குள்ள கக்கூசு இருக்குதா, தம்பி?"

"இருக்கிறது, பெரியவரே" என்றான் மைத்துனன், பெருமையாக.

"அந்தத் தண்ணிய எங்க வுடுவீங்க?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். பெரியவர் கோபிக்கவில்லை. "இந்த ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி அடையாத்துக்குத்தான் போவுது. இங்க வுட்டீங்கன்னா பட்டணத்துல உங்க வூட்டாண்டயே வந்து சேரும்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது அட்சரலட்சம் பெறும். அடையாற்றின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் ஆதனூர் ஏரி, மலைப்பட்டு ஏரி ஆகியவை இந்தப் பக்கத்தில்தான் உள்ளன. ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிச் சமுத்திரத்தில் விழும் அந்த நதி, 2015 டிசம்பரில் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் என்ன பாடு படுத்தியது என்பதை நாம் மறக்க முடியாது. ஆகையால் வீட்டு வண்டிகளுக்கு இங்கே இடம் தேடினால், ஏரிக்கரை வேண்டவே வேண்டாம். மேட்டு நிலத்தில் ஒரு தோப்பு, ஒரு கிணறு, காவலுக்கு ஓர் ஆள், கழிவுநீருக்குச் சரியான தொட்டி, இவ்வளவு போதும். இதற்கு அமெரிக்காவின் செல்வம் தேவையில்லை. ஓர் ஊராட்சியே செய்துவிடலாம்.

பெரியவரே எங்களைத் தம் உறவினர் வீட்டுப் புளியந்தோப்புக்கு அழைத்துப் போனார். புளியமரத்தடியில் படுப்பது தேகத்துக்கு ஆகாதென்று என் மனைவி ஆட்சேபித்தாள். எதிரே இருந்த வேம்பின் கீழ் வண்டியை நிறுத்தினோம். வீட்டுக்கார அம்மாள் தம் கழிப்பறையைத் தாராளமாகத் திறந்துவிட்டார். பெண்களை அழைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறவர்களுக்கு இந்த உபகாரத்தின் அருமை தெரியும். இரவு நெடுநேரம் குழந்தைகள் நட்சத்திரம் எண்ணினார்கள். தொழிற்சாலை வெளிச்சத்தில் பாதி நட்சத்திரங்கள் மறைந்திருந்தது அவர்களுக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

வீட்டின் மாடியறைகளில் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் நால்வர் குடியிருந்தனர். எல்லாரும் திருவண்ணாமலைப் பக்கத்தவர். வயது இருபதைத் தாண்டாது. இந்த வட்டாரத்தில் இப்படி வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரும் விடுதியொன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. படுக்க இடம் கொடுத்தது மெச்சத்தக்கதே. ஆனால் ஓய்வுநாளில் அவர்கள் எங்கே போவார்கள்?

விடியுமுன் நாலரை மணிக்கு அப்பெண்கள் வேலைக்குப் புறப்பட்டு வந்தபோது இதைக் கேட்டேன்.

"எங்க சார் போறது? துணி துவைப்போம், தூங்குவோம். சம்பளம் வந்தா வீட்டுக்கு அனுப்பிட்டு கடைக்குப் போவோம்" என்றாள் ஒருத்தி. வண்டிக்குள் எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். என் மனைவி விளக்கைப் போட்டாள். நால்வரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார்கள். ஒருத்தி கட்டிலில் படுத்தே பார்த்துவிட்டாள்.

"ஒரு நாள் வாடகை எவ்வளவு சார்?"

மைத்துனன் தொகையைச் சொன்னான். அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "எட்டுப் பேர் சேர்ந்தா கொடுத்துடலாம். ஆனா வண்டிய எங்க சார் கொண்டுபோய் நிறுத்துறது?"

நான் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் ஒலியெழுப்பியது. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு நால்வரும் ஓடினார்கள்.